வியட்நாம் விசாவுக்கு அஸ்தம்பட்டியில் ஒரு மாடி ஆபீஸ்

ஏற்காடு மலையில் நாகலூரில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் அரபிகாவும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும்தான் எனக்கும் அண்ணனுக்கும் பிழைப்பு. வெளிநாடு என்று நாங்கள் போனது இதுவரை ஒரே ஒரு தடவை, அதுவும் காபிக்காக. பிரேசிலுக்கு அடுத்து உலகத்திலேயே அதிகம் காபி விளைவது வியட்நாமில். அங்கே தலாத் என்கிற மலை ஊர் நம் ஏற்காட்டைப் போலவே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஊர்த் தோட்டத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2025 பிப்ரவரியில் பழம் பறித்து முடிந்தது, சீட்டு எடுத்த பணமும் கையில் இருந்தது, மார்ச்சில் கிளம்பிவிட்டோம்.

எங்களுக்கு விசா வாங்கித் தந்தது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் இருக்கிற சின்ன டிராவல் ஆபீஸ். அவர்கள் வேலை எப்படி இருந்தது என்று மலையில் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால் நல்லதும் குறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் ஏமாந்த கதை. அண்ணன் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். "எதுக்கு அத்தை ஏஜென்ட்டு, நானே போட்டுத் தரேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். இணையத்தில் தேடியபோது முதலில் வந்த தளத்தில் கொடியும் முத்திரையும் இருந்தன, அரசாங்கத் தளம் என்று நம்பி ஆளுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டான். வியட்நாம் அரசு ஒருமுறை நுழையும் மின்விசாவுக்கு வாங்குவது 25 டாலர், பலமுறை போய்வர 50 டாலர். நாங்கள் போனபோது 25 டாலர் என்றால் 2,200 ரூபாய்க்குள். மீதியெல்லாம் நடுவில் இருந்தவர்களுக்குப் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. வந்த காகிதத்தில் அண்ணனுடைய பிறந்த நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. செப்டம்பர் 5 என்பது மே 9 ஆகிவிட்டது. திருத்தித் தரச் சொல்லி மூன்று மெயில் போட்டோம், பதிலே இல்லை. அரசுக்குக் கட்டிய கட்டணமும் திரும்ப வராது. புதிதாக விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் அரசின் விசா தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் விஎன்' என்று முடியும். வேறு எப்படி முடிந்தாலும் அது தனியார் கடை.

அந்த நிலையில்தான் இந்த ஆபீஸுக்குப் போனோம். ஏற்காடு பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்கு வசதியான இடம், பஸ் ஸ்டாண்ட் வரை போக வேண்டியதில்லை, அஸ்தம்பட்டியிலேயே இறங்கிக்கொள்ளலாம். படி செங்குத்தாக இருக்கும், முட்டி வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். உள்ளே இரண்டு மேசை, ஒரு பிரின்டர், ஒரு ஸ்டூல். நடத்துகிற தம்பிக்கு நாற்பது வயது இருக்கலாம். கூட ஒரு பெண் டைப் செய்கிறாள்.

நாங்கள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவர், "அம்மா, முதல்ல ரெண்டு பாஸ்போர்ட்டையும் குடுங்க, அப்புறம் பேசலாங்க" என்றார். மேசை டிராயரிலிருந்து ஒரு லென்ஸ் எடுத்தார். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசின் பற்றவைப்பைப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். காலாவதித் தேதி, எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது, தையல் பிரிந்திருக்கிறதா, தண்ணீர் பட்டிருக்கிறதா. போகிற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதத்துக்குப் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். என்னுடையதில் எட்டு மாதம் இருந்தது. "தப்பிச்சீங்க" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அண்ணன் பாஸ்போர்ட்டில்தான் நின்றுவிட்டார். நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் இருக்கிற பிரச்சினைதான், சர்நேம் கட்டம் காலி. அண்ணன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. நமக்கு இன்ஷியல்தான், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. முன்பு அந்தத் தளத்தில் அண்ணன் மகன் ஏதோ ஒரு கணக்கில் அப்பா பெயரைச் சர்நேம் என்று போட்டிருந்தான். பிறந்த தேதி சரியாக இருந்திருந்தாலும் அது ஒரு வம்பாகத்தான் ஆகியிருக்கும் என்று இந்தத் தம்பி விளக்கினார். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிற பக்கத்தின் அடியில் அம்புக்குறி போட்ட இரண்டு வரி இருக்கும். மெஷின் படிப்பது அதைத்தான். விசாவும் டிக்கெட்டும் அந்த வரியோடு ஒத்துப்போக வேண்டும், நம் வசதிக்குப் பெயரைப் பிரிக்கக் கூடாது. டிக்கெட் போடும்போது விமான நிறுவனத்துக்கே போன் செய்து, சர்நேம் இல்லாதவருக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, அதன் பிறகுதான் பணம் கட்டினார். போன் பேசவே இருபது நிமிடம் ஆனது.

"அண்ணா, அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இந்தக் கட்டத்தை நிரப்பிடுங்க. பாஸ்போர்ட்ல ஒரே வார்த்தைதான் பேருன்னா துபாய்க்கு விசிட் விசாவே குடுக்க மாட்டேங்கறாங்க" என்றும் சொன்னார். 2022 கடைசியிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்படித்தான் விதி. துபாய்க்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர்கள் நம் மலையிலும் இருக்கிறார்கள், அவர்கள் காதுக்கு இது போக வேண்டும்.

பிறகு விண்ணப்பம் நிரப்பியது. எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். தம்பி பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், அந்தப் பெண் டைப் செய்தாள். முடிந்ததும் இடம் மாறினார்கள். இப்போது அவள் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவர் பாஸ்போர்ட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். பிறந்த தேதி வந்தபோது மாதத்தை எண்ணாகச் சொல்லவில்லை, "செப்டம்பர்" என்று பெயராகவே சொன்னார்கள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, "நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பாருங்கம்மா" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம். பணம் கட்டும் பொத்தானை அதற்கு அப்புறம்தான் அழுத்தினார்.

போட்டோ 4க்கு 6 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது. அண்ணன் கண்ணாடியோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார், கீழே ஸ்டூடியோவில் மறுபடி எடுத்தோம். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் பிடிக்கும்போது நாலு மூலையும் தெரிய வேண்டும், ஒளி பட்டு எழுத்து மறையக் கூடாது. எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோமோ அதையே நுழையும் இடமாகப் போட வேண்டும். அங்கே முதலில் தங்கும் விடுதியின் முகவரியும் கேட்கும்.

தேதி விஷயத்தில் அவர் ஒன்று செய்தார், நான் தனியாகப் போட்டிருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது. மின்விசா இப்போது 90 நாள் வரைக்கும் தருகிறார்கள், 2023 ஆகஸ்டிலிருந்து. நாங்கள் போவது ஒன்பது நாள்தான். ஆனால் அவர் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பும் நாளுக்குப் பிறகும் ஒரு வாரம் இருக்கிற மாதிரி கேட்டார். விசா தொடங்கும் தேதிக்கு முன்னால் அங்கே கால் வைக்க முடியாது, பிந்திப் போனால் பரவாயில்லை. விமானம் ரத்தாகித் திரும்புவது தள்ளிப்போனாலும் பயம் இல்லை. எத்தனை நாள் கேட்டாலும் கட்டணம் ஒன்றுதான்.

திங்கட்கிழமை போட்டோம், வியாழன் சாயங்காலம் வந்துவிட்டது. மூன்று வேலை நாள் என்பது கணக்கு. ஆனால் அவர்களுடைய சந்திரப் புத்தாண்டான தெத் சமயத்தில், ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில், ஒரு வாரத்துக்கு ஆபீஸ் எல்லாம் மூடிக் கிடக்கும். ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகிய நாட்களும் விடுமுறை. அதை ஒட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

அவர் வாங்கிய கூலி ஆளுக்கு 1,000 ரூபாய். அரசுக் கட்டணத்தின் ரசீதைத் தனியாகக் கொடுத்தார்.

இனி குறைகள். மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை கதவு பூட்டியிருக்கும், போர்டில் அப்படி எழுதவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுநாள்தான் பதில் வரும். இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே வருத்தம். ஆளுக்கு 640 ரூபாய்க்குப் பயணக் காப்பீடு போட்டுக் கொடுத்தார், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு உயிர் போகிற ஆபத்தில் மட்டும்தான் பணம் கிடைக்கும் என்று தெரிந்தது. அண்ணனுக்குப் பிரஷரும் சர்க்கரையும் இருக்கிறது. பாஸ்போர்ட்டை அவ்வளவு பொறுமையாகப் பார்க்கிற ஆள், அறுபத்தொரு வயதுக்காரரிடம் "மாத்திரை சாப்பிடறீங்களா" என்று கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

டாலர் அவர் தருவதில்லை, உரிமம் பெற்ற பணம் மாற்றும் கடைக்கு அனுப்பினார். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்டார்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் ரொக்கமாகத் தருவார்கள், எங்களுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. மடிப்பில்லாத புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். கசங்கிய நோட்டை அங்கே திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

விமானம் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஏர்ஏசியாவில். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாகத்தான் போடுவேன் என்று தம்பி பிடிவாதமாக இருந்தார். தனித்தனியாகப் போட்டால் 900 ரூபாய் மிச்சம் ஆகியிருக்கும். ஆனால் கோலாலம்பூரில் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியாவில் 2026 கடைசி வரை விசா வேண்டாம் என்றாலும், உள்ளே நுழைகிறவர்கள் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டை நிரப்பியிருக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்பதால் எங்களுக்கு இது எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டி நேராக வியட்நாமுக்குப் போனது, நாங்கள் உள்ளேயே நடந்து அடுத்த வாசலுக்குப் போனோம். கைப்பை 7 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம், நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சி போய்ச் சேர்ந்தோம். செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் விசா காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். எங்களுக்கு முன்னால் நின்ற பையனுக்குப் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது, ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவன் யாருக்கோ போன் செய்துகொண்டே இருந்தான். அந்த முகத்தைப் பார்த்தபோது, அஸ்தம்பட்டியில் எனக்கு எரிச்சலாக இருந்த அந்த முக்கால் மணி நேரம் எதற்கு என்று புரிந்தது. விசாவை இரண்டு பிரதி எடுத்து இரண்டு பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று போகாதீர்கள்.

ஹோ சி மின் நகரத்தில் ஒரு மணி நேர வரிசை. அதிகாரி எதுவும் கேட்கவில்லை, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். முத்திரையில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டோம்.

பணம்தான் முதல் இரண்டு நாள் குழப்பியது. நாங்கள் போனபோது ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 290 டாங். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம். அண்ணன் இளநீருக்கு ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டார். அந்த அம்மா சிரித்துத் திருப்பிக் கொடுத்தாள், எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. பெரிய நோட்டைத் தனிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், போலீஸில் தங்குகிறவர் விவரம் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். பதிந்து முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள். இதைத் தம்பி முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

நான் சைவம். மீனைப் புளிக்கவைத்த சாற்றை அங்கே எல்லாவற்றிலும் ஊற்றுகிறார்கள், காய்ப் பொரியலில்கூட. "ஆன் சாய்" என்று சொன்னால் சைவம் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். கடைப் பலகையிலும் 'சாய்' என்ற சொல் இருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பௌத்தர்கள் நிறையப் பேர் சைவம்தான். நாங்கள் தலாத்தில் இருந்தபோது பௌர்ணமி வந்தது, அன்றைக்கு மட்டும் கடை தேடி அலையவேண்டியிருக்கவில்லை. சேர்வராயன் கோவிலுக்குப் போகிற நாளில் எங்கள் வீட்டில் இருப்பது போலவே இருந்தது.

ஹோ சி மின் நகரத்திலிருந்து தலாத்துக்கு ஸ்லீப்பர் பஸ், சுமார் 300 கிலோமீட்டர். ஏறும்போதே செருப்பைக் கழற்றி அவர்கள் தருகிற பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தலாத் பைன் மரமும் குளிரும் ஏரியுமாக இருந்தது. பக்கத்தில் காவ் தாத் என்ற இடத்தில்தான் அரபிகா. அங்கே ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் அண்ணனும் அவரும் பொது வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் ஒரு கிளையை வளைத்துக் காட்டுவார், அண்ணன் தன் விரலால் கிளை கழித்துக் கவாத்து செய்கிற இடத்தைக் காட்டுவார், அவர் தலையாட்டுவார். நம் தோட்டம் மாதிரி அங்கே மேல் நிழல் இல்லை. வெயில் நேராகச் செடியில் விழுகிறது, ஹோஸ் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. "மண்ணு எத்தனை நாளைக்குத் தாங்கும் பாப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த விவசாயி கிளம்பும்போது ஒரு பையில் பச்சைக் கொட்டையும் இரண்டு நாற்றும் கொடுத்தார். அண்ணன் கையில் வாங்கிவிட்டார். நான் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடி, விதை எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது, 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படித்தான் சொல்கிறது. சட்டத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை. 1869-ல் இலங்கையில் இலைத் துரு நோய் தென்பட்டது, சில வருடத்தில் அந்தத் தீவின் காபியே அழிந்து தேயிலைக்கு மாறிவிட்டார்கள். அதே துரு இன்றைக்கும் நம் இலைகளின் அடியில் மஞ்சள் பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பையில் வருகிற ஒரு நாற்று நம் மலைக்கு என்ன கொண்டுவரும் என்று யாருக்குத் தெரியும். தோட்டக்காரர்கள் யாராவது போனால் இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வறுத்த காபித் தூளும், சொட்டுச் சொட்டாக இறக்குகிற அவர்களுடைய தகர ஃபில்டர் ஒன்றும் வாங்கி வந்தோம்.

இந்த ஆபீஸுக்குப் போகலாமா என்றால், பாஸ்போர்ட்டில் பெயர் தெளிவாக இரண்டு கட்டத்திலும் இருந்து, ஆங்கிலம் படித்து நிரப்பத் தெரிந்தவர்கள் அரசுத் தளத்தில் தாங்களே 25 டாலரில் முடித்துக்கொள்ளலாம், 1,000 ரூபாய் மிச்சம். சர்நேம் காலியாக இருப்பவர்கள், முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள் இங்கே போங்கள், அந்த ஆயிரம் ரூபாய் தகும். இன்ஷூரன்ஸை மட்டும் வேறு இடத்தில் விசாரித்துப் போடுங்கள், அல்லது அவரையே வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரம்தான், கீழே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கும். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள், அதையும் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்ப்பார்.